நீரிழிவும் எலும்பு முறிவும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள எம் பெரியம்மையார் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவ்வம்மையார்க்கு வயது 67. நீரிழிவு நோய் பற்றி 18 ஆண்டுகள் ஆகின்றன. யாம் சென்ற மூன்றாம் நாள் நள்ளிரவில், சிறுநீர் கழித்தற்பொருட்டு எழுந்து கொல்லைப்புறம் சென்றவர், இருளில் வாயிற்படி இடறிப் பக்கவாட்டில் விழுந்தார். மாடியினின்று விழுந்தாரல்லர்; வண்டி மோதி விழுந்தாருமல்லர்; நின்ற நிலையினின்று தம் உயரமே விழுந்தார். எனினும் அவரால் எழ இயலவில்லை. மதுரைக்குக் கொண்டு சென்று எக்ஸ்ரே படம் எடுத்து நோக்கியவிடத்து, தொடையெலும்பின் கழுத்து முறிந்திருத்தல் தெரிந்தது.

அறுவைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுமுன் பெரியம்மையார் எம்மை நோக்கி, "தம்பி, நாலு மாதத்திற்கு முன்னேதானே என்னைக் கருவியில் படுக்கவைத்துச் சோதித்து, எலும்பு நல்ல உறுதி என்று எழுதிக் கொடுத்தார்கள்? உறுதியான எலும்பு எப்படி முறியும்?" என்று வினவினார். அவ்வினாவிற்கு அன்று எம்மிடம் விடை இல்லை. பின்னர் நூல்களை நாடியும், மருத்துவத் துறையில் அமர்ந்துள்ள நம் கல்லூரிப் பழைய மாணவர் சிலரை அணுகியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். இதனைப் படிக்கும் அன்பர் பலர் வீட்டிலும் இத்தகைய தாயாரோ தந்தையாரோ பாட்டனாரோ இருத்தல் திண்ணம். ஆதலின் இஃது எம் குடும்பச் செய்தி மட்டும் அன்று.

நோயின் இயல்பு

உடம்பின் நீர் மிகுதியாய்க் கழிந்து இழிதலின் இந்நோய் தமிழில் நீரிழிவு எனவும், அந்நீர் தேன்போல் இனித்தலின் வடமொழியில் மதுமேகம் எனவும் பெயர் பெற்றது. இஃது இரு வகைப்படும். முதல் வகையில் கணையம் இன்சுலின் என்னும் சுரப்பு நீரை ஏறக்குறைய முற்றும் இழந்துவிடும். இது பெரும்பாலும் இளமையிலேயே தோன்றுவது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடம்பு அதன் ஏவலைச் சரிவரக் கேளாது; நாளடைவில் சுரப்பும் குன்றும். நம் நாட்டில் நீரிழிவுடையாருள் மிகப் பெரும்பாலோர் இவ்விரண்டாம் வகையினரே.

1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்பார் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னர் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். இன்சுலின் வந்தபின் அவர்கள் வாழ்ந்தனர். நெடிது வாழவே, நோய் மெல்ல மெல்ல உறுப்புகளைத் தாக்கும் வகையும் புலப்படலாயிற்று. கண்ணின் உட்டிரை, சிறுநீரகம், நரம்பு, இருதயம், பாதம் என்னும் இவற்றை நீரிழிவு கெடுக்கும் என்பது இன்று பலரும் அறிந்ததே. எலும்பையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுவோர் மிகச் சிலர்.

இச்செய்தி புதியதன்று. 1948-ஆம் ஆண்டிலேயே ஆல்பிரைட், ரைஃபென்ஸ்டைன் என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் இருவர், நீரிழிவு நெடுநாள் அடங்காது நின்றவர்களுக்கு எலும்பு மெலிதலைத் தம் நூலில் குறித்தனர். அதே 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவொன்றைத் தோற்றுவித்தார்கள். அக்காலத்தில் செல்வர் நோய் என்று எண்ணப்பட்ட இது இன்று குடிசைதோறும் புகுந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் சென்னை அறிஞர்கள் தலைமை தாங்கி நாடெங்கும் நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடையார்; வளர்ந்தோருள் நூற்றுக்கு 11.4 பேர். நம் தமிழ்நாட்டிலோ அது நூற்றுக்கு 14 பேருக்கும் மேற்படும். இத்துணைப் பேருடைய எலும்பைப் பற்றி நாம் அறியாதிருத்தல் தகுமோ?

எலும்பின் அமைப்பு

எலும்பு என்றவுடன் சுண்ணாம்புக் கல் போன்றதொரு பொருளையே நம்மவர் கருதுகின்றனர். எளிய சோதனை இரண்டினால் அதன் உண்மை இயல்பை அறியலாம். கோழியின் காலெலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவைத்தால், அதிலுள்ள சுண்ணச் சத்துக் கரைந்து, எலும்பு இரப்பர் போல் வளையும். மற்றோர் எலும்பை நெருப்பிலிட்டு நன்றாகச் சுட்டால், அதிலுள்ள புரதம் எரிந்து போக, வடிவம் மாறாது நிற்பினும் விரலால் அழுத்தியவுடன் பொடியாகும். முன்னதில் உறுதி போயிற்று. பின்னதில் வளையும் தன்மை போயிற்று. எலும்பின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சுண்ணம் முதலிய தாதுக்களும், எஞ்சியதில் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரத நூலும் நீருமாம். கல் பளுவைத் தாங்கும். நூல் அதிர்ச்சியைத் தாங்கும். இரண்டும் கூடியவிடத்தே எலும்பு முறியாது நிற்கும்.

அன்றியும் எலும்பு உயிருள்ள பொருள். அதனுள் பழையதைத் தின்னும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும், உள்ளே புதைந்திருந்து எவ்விடத்துப் பழுது நேர்ந்தது என்று அறிவிக்கும் உயிரணுக்களும் இடையறாது தொழில் செய்கின்றன. வளர்ந்த மனிதனுடைய எலும்புக் கூட்டில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு அளவு இடித்துப் புதுக்கப்படுகின்றது. நாடோறும் நடக்கும் நடையாலும் தூக்கும் சுமையாலும் உண்டாகும் நுண்ணிய விரிசல்கள் இவ்வாறே செப்பனிடப்படுகின்றன.

கருவி காட்டும் எண்

எலும்புத் திண்மையைச் சோதிக்கும் டெக்ஸா என்னும் கருவி இரு வேறு ஆற்றலுடைய எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பில் சுண்ணத் தாது எவ்வளவு உளது என்று அளக்கின்றது. இளையோர்தம் எலும்பின் அளவோடு ஒப்பிட்டு, எத்துணைப் படி குறைந்துள்ளது என்பதை ஓர் எண்ணால் உரைக்கும். அவ்வெண் கழித்தல் 2.5 அல்லது அதனினும் கீழாயின் எலும்புப் புரை என்று கொள்க என உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது. நீரிழிவில்லாத முதியோர்க்கு இவ்வெண் பெரிதும் துணை செய்வதே.

நீரிழிவுடையாரிடத்தில் கணக்குப் பிறழ்கின்றது. முதல் வகையினர்க்கு எலும்புத் திண்மை உண்மையாகவே குறைவு. இன்சுலின் எலும்பைக் கட்டுதற்கும் துணையாவதொன்று. வளரும் பருவத்தில் அது குன்றினால் எலும்பு அடையவேண்டிய முழு நிறைவை அடையாது. இவர்களுக்குத் தொடையெலும்பு இடுப்பருகில் முறியும் வாய்ப்பு, பிறரினும் 4 முதல் 7 மடங்கு வரை மிகுதி என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கூறுகின்றனர். ஆனால் இரண்டாம் வகையினருடைய எலும்புத் திண்மை பிறரோடு ஒத்தோ, சற்று மிகுந்தோ காணப்படுகின்றது. உடற்பருமன் எலும்பின்மீது சுமையேற்றி அதனைத் தடிக்கச் செய்வது இதற்கு ஒரு காரணமாம். இருந்தும் அவர்களுக்கு அம்முறிவு 1.3 முதல் 1.7 மடங்கு வரை மிகுதியாய் நேர்கின்றது.

2001-இல் அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமுள்ள 9,654 பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கி வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்து முதியோரை ஆராய்ந்தோரும் அவ்வாறே கண்டனர். சர்க்கரை அடங்காது நின்றவர்களுடைய எலும்பு தடித்தும், அதே வேளையில் மிகுதியாய் முறிந்தும் இருந்தமையை 2013-இல் அவர்கள் எடுத்துக்காட்டினர். முறிவு வாய்ப்பைக் கணித்தற்கு 2008 முதல் உலகெங்கும் வழங்கும் பிராக்ஸ் என்னும் கணக்கு முறையும் இரண்டாம் வகை நீரிழிவைத் தனியே கேட்பதில்லை. ஆதலின் மருத்துவர் பலர், அதில் முடக்குவாதம் உண்டு என்று குறித்து அக்குறையை ஒருவாறு ஈடு செய்கின்றனர்.

ஆகவே பெரியம்மையார் கையிலிருந்த சீட்டுப் பொய்யன்று. கருவி கல்லை அளந்தது. முறிந்தது நூலின் குறையால்.

பால்கோவாவும் பாவு நூலும்

அந்நூலுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்க ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் விட ஏற்ற ஊர்கள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அகன்ற கடாயில் பாலையும் சர்க்கரையையும் இட்டு, விறகடுப்பில் இடையறாது கிளற, வெண்பால் சுண்டிச் சுண்டி மெல்லச் செம்மை ஏறுதலை அவ்வூர்க் கடைத்தெருவில் எவரும் காணலாம். அந்நிறம் எங்கிருந்து வந்தது? பாலிலுள்ள புரதத்தோடு பாலின் சர்க்கரை வெப்பத்தால் பிணைந்து பிறந்தது அது. இம்மாற்றத்தை 1912-இல் விளக்கியவர் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். தோசை முறுகிச் சிவப்பதும் இவ்வினையினாலேயே.

அடுப்பில் ஓரிரு நாழிகையில் நிகழும் இவ்வினை, நம் உடம்பின் இளஞ்சூட்டில் ஆண்டுக்கணக்கில் நிகழ்கின்றது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து நிற்குந்தோறும், அது கண்ட புரதத்தையெல்லாம் பற்றிக்கொள்ளும். இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் பற்றிய சர்க்கரையை அளந்தே மூன்று மாதச் சராசரியை மருத்துவர் உரைக்கின்றனர். அவ்வணுவின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாளே. ஆதலின் அதிலேறிய குற்றம் அணுவோடு மறையும். எலும்பிலுள்ள கொலாஜன் நூலோ பல்லாண்டு நிற்பது. அதிற்பற்றிய சர்க்கரை வட்டிக்கடன் போல் ஏறிக்கொண்டே செல்லும்.

அதனால் வரும் கேட்டை இராஜபாளையத்து நெசவாளர் எளிதில் உணர்வர். தறியிலேற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி இடுவர். அளவாய் இட்ட கஞ்சி இழைகளை ஒன்றோடொன்று பற்றுவித்து வலிமை தரும். கஞ்சி மிகுந்து காய்ந்துவிடின் நூல் விறைத்து, வளையாது, தறியின் அடி தாங்காமல் அறும். அதுபோலக் கொலாஜன் இழைகளுக்கிடையே இயற்கை இட்ட அளவான பிணைப்புகள் வலிமை தருவன. சர்க்கரை தாறுமாறாய் இட்ட மிகைப் பிணைப்புகள் நூலை விறைப்பாக்கி, எலும்பை அதிர்ச்சி தாங்காததாகச் செய்வன.

இதன்மேல் மற்றொரு தீங்கும் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவில் எலும்பைத் தின்னும் அணுக்களும் கட்டும் அணுக்களும் ஒருங்கே சோம்பிவிடுகின்றன. இடிப்பதும் குறைவு, கட்டுவதும் குறைவு. ஆதலின் பழைய நூல் நீங்கிப் புதுநூல் வாராது; நுண் விரிசல்கள் செப்பனிடப்படாமல் நாளும் பெருகும். சிலர்க்குப் புறவோட்டின் உள்ளே சிறு துளைகளும் மிகும். சிறுநீரகம் கெட்டவர்க்கு வைட்டமின் டி தன் செயல்வடிவம் பெறாமையால் எலும்பு மேலும் நலியும்.

பால்கோவாவைப் பழிப்பது எம் கருத்தன்று. நீரிழிவில்லாதார் அளவறிந்து உண்பதில் குற்றமில்லை. இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்து நிற்பதே தீங்கு என்பதற்கு அஃதோர் உவமை.

வீழ்ச்சியின் காரணங்கள்

எலும்பு எத்துணை நொய்யதாயினும், விழாதவர்க்குக் கையும் இடுப்பும் முறிதல் அரிது. நீரிழிவோ எலும்பை நலிவிப்பதோடு, அதனையுடையாரை விழவும் செய்கின்றது.

சர்க்கரை மிகுந்தால் இரவில் பன்முறை எழுந்து நீர் கழிக்க நேரும். அரைத்தூக்கமும் இருளும் கூடிய நேரம் அது. பாதத்து நரம்பு மரத்தவர்க்குத் தரை மேடோ பள்ளமோ, ஈரமோ உலர்ந்ததோ என்று கால் அறிவிப்பதில்லை. விழித்திரை பழுதுற்றோர்க்கும் கண்புரை முதிர்ந்தோர்க்கும் படியின் விளிம்பு தெரிவதில்லை. தசை மெலிந்தவர் தடுமாறின் தம்மை நிறுத்திக்கொள்ள வலியிலர். படுக்கையினின்று எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுழல்வோரும் உளர்.

இவையனைத்தினும் கொடியது சர்க்கரை திடீரெனத் தாழ்தல். புரட்டாசிச் சனிக்கிழமையும் ஏகாதசியும் நோன்பிருக்கும் முதியோர், உணவை விடுத்து மாத்திரையை விடாது விழுங்குதலை நாம் கண்டிருக்கின்றோம். இன்சுலினும், கணையத்தை முடுக்கும் சில மாத்திரைகளும் வெறும் வயிற்றில் சர்க்கரையை மிகத் தாழ்த்தும். வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கி விழுவர். நோன்பு நோற்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரை வினவி மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். தாமே மருந்தை நிறுத்துதலும் தகாது.

இராஜபாளையத்தில் ஒரு பாதம்

விழாமலே எலும்பு முறியும் வகையொன்றும் இந்நோயில் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரினின்று தென்காசிச் சாலையில் சிறிது தொலைவிலுள்ள இராஜபாளையத்தில், எம் சிற்றப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கின்றார். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 20 ஆண்டு நீரிழிவுடையவர். ஒருநாள் தெருப்பள்ளத்தில் கால் பிசகிற்று. பாதம் வீங்கிற்று, சிவந்தது, தொட்டால் சுட்டது. ஆனால் வலி மட்டும் சிறிதும் இல்லை. "வலியில்லையே, சுளுக்காய்த்தான் இருக்கும்" என்று எண்ணி, எண்ணெய் தேய்த்து உருவுவித்து, இறுகக் கட்டு இட்டு, ஐந்து வாரம் அக்காலாலேயே நடந்தார். பின்னர் எக்ஸ்ரே எடுத்தபொழுது பாதத்தின் நடுவெலும்புகள் பல நொறுங்கி, உள்ளங்கால் வளைவு தட்டையாகிப் போயிருந்தது.

நரம்பு மரத்த மூட்டுகள் இவ்வாறு சிதைதலை 1868-இல் பாரிஸ் நகரத்து ஷார்க்கோ என்னும் மருத்துவர் வேறொரு நோயில் கண்டு விளக்கினார். நீரிழிவிலும் அஃது உண்டு என்பது 1936-இல் தெரிந்தது. இன்று அவர் பெயராலேயே ஷார்க்கோ பாதம் என்று வழங்குகின்றனர்.

வலியின்மை எத்துணைப் பெரிய கேடு என்பதை உலகிற்கு உணர்த்தியவருள் ஒருவர் நம் வேலூரிலேயே பணிபுரிந்தார். டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளருடைய கைகால்களை ஆராய்ந்தார். விரல்களும் பாதங்களும் அழிவதற்குக் காரணம், தசை தானே அழுகுதல் அன்று. வலி உணராமையால் அவர்கள் அறியாது ஏற்கும் காயங்களே என்று கண்டார். புண்பட்ட பாதத்தைச் சாந்துக் கட்டினுள் அமைத்து ஓய்வு கொடுத்தால் புண் ஆறுதலையும் கண்டார். 1966-இல் அமெரிக்கா சென்றபின் அவ்வறிவையே நீரிழிவாளர் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். தமிழ்நாட்டுத் தொழுநோயாளர் பாதங்களில் கற்ற பாடம் இன்று உலகெங்கும் நீரிழிவாளர் பாதங்களைக் காக்கின்றது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி பெருவாரியாக நெய்யப்படுகின்றது. உலகின் புண்களுக்குத் துணி நெய்து விடுக்கும் வட்டாரத்தவர், அத்துணியை எக்காலத்துக்கு எப்படிக் கட்டுவது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. நீரிழிவுடையார் பாதம் ஒன்று மற்றதினும் வீங்கிச் சூடாயிருப்பின், வலி இல்லையெனினும், அன்றே அக்காலை ஊன்றாது நிறுத்தி மருத்துவரிடம் செல்க. அதனை உருவுதலும் ஆகாது. இறுகக் கட்டுதலும் ஆகாது. மரத்த காலில் கட்டு இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்படும்; வலி தோன்றி எச்சரிக்காது; கால் கறுத்த பின்னரே தெரியும்.

செய்யத்தக்கன

முதலாவது, சர்க்கரையை அடக்குக. ஆனால் முதியோர்க்கு மிகக் கடுமையாய் அடக்கி அடிக்கடி தாழவிடுதல் நன்றன்று. எவ்வளவு என்பதை மருத்துவர் ஆளுக்கேற்ப வகுப்பர்.

இரண்டாவது, மருந்தை அறிக. கிளிட்டசோன் இனத்து மாத்திரைகள் பெண்களுக்கு எலும்பு முறிவை மிகுவித்தமை, 2006-இல் வெளியான பேராய்வொன்றை ஒட்டித் தெரியவந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த பயோகிளிட்டசோன் நம் நாட்டில் வழங்குகின்றது. எலும்பு நொய்ந்த மூதாட்டியர் அதனை உண்டுவரின், மருத்துவரிடம் அதனைக் கூறி மாற்றுக் கேட்கலாம். மெட்பார்மினால் எலும்புக்குத் தீங்கு காணப்படவில்லை.

மூன்றாவது, சோதனையை அறிந்து நோக்குக. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024 முதல் தன் ஆண்டு நெறிமுறையில் எலும்பு நலத்திற்குத் தனி இடம் தந்துள்ளது. நீரிழிவுடையார்க்குத் திண்மை எண் கழித்தல் 2.5 வரை இறங்கும்வரை காத்திராமல், கழித்தல் 2.0 அளவிலேயே மருந்தை எண்ணுக என்பது அதன் அறிவுரை. சிறு வீழ்ச்சியில் மணிக்கட்டோ முதுகெலும்போ முன்னரே முறிந்திருந்தால், கருவியின் எண் எதுவாயினும் அதனை எச்சரிக்கையாகக் கொள்க. எலும்பைக் காக்கும் மருந்துகள் நீரிழிவுடையார்க்கும் பயன் தருவனவே.

நான்காவது, உணவும் வெயிலும். வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணச் சத்து வேண்டும் என்பது நம் நாட்டு உணவியலார் கணக்கு. 100 கிராம் அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. அதே நிறை கேழ்வரகில் ஏறக்குறைய 350. பசும்பாலில் ஏறக்குறைய 120. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஆகியனவும் நல்லன. கேழ்வரகும் மாவுப் பண்டமே ஆதலின் அளவு வேண்டும். கஞ்சியாய்க் கரைத்துக் குடித்தால் சர்க்கரையை விரைந்து ஏற்றும். கீரை சேர்த்து அடையாகத் தட்டி உண்பது மேல். விருதுநகர் மாவட்டத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை எனினும், தென்னாட்டவரிடையே வைட்டமின் டி குறைவு மிகுதி என்று வேலூரிலும் திருப்பதியிலும் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். வீட்டினுள்ளும் ஆலையினுள்ளும் பகலைக் கழிப்போர்க்கு வெயில் உண்டென்பதால் மட்டும் பயனென்னை?

ஐந்தாவது, உடற்பயிற்சி. நாள்தோறும் நடத்தலும், நாற்காலியினின்று கை ஊன்றாது பத்துமுறை எழுந்தமர்தலும், சுவரருகே ஒற்றைக்காலில் நின்று பழகுதலும் தசைக்கும் நிலைப்புக்கும் உதவுவன.

ஆறாவது, வீட்டைத் திருத்துக. இரவில் அணையா விளக்கொன்று, படியின் விளிம்பில் வெண்கோடு, குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, மிதியடியில் குதிகாலைப் பற்றும் வார் ஆகிய இவற்றிற்காகும் செலவு, ஓர் அறுவைச் சிகிச்சையின் செலவினும் குறைவே. ஆண்டிற்கொருமுறை கண் சோதனையும் தவறாது வேண்டும். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் தோற்றுவித்த அரவிந்த கண் மருத்துவமனை நம் பகுதியார்க்கு எட்டாத தொலைவிலில்லை.

இத்தனைக்குப் பின்னும் இடுப்பு முறிவு நேர்ந்துவிடின், வீட்டில் கிடத்திக் காலம் தாழ்த்தலாகாது. உளுத்தமாவும் முட்டை வெண்கருவும் அப்பி மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கட்டுவோர் கைத்திறனைப் பழிக்கும் எண்ணம் எமக்கில்லை. ஆனால் தொடையெலும்பின் கழுத்து அக்கட்டினால் பொருந்துவதன்று. படுக்கையிலேயே கிடப்போர்க்கு நுரையீரற் சளியும், இரத்தக் கட்டியும், படுக்கைப் புண்ணும் வரும். இடுப்பு முறிந்த முதியோருள் ஐந்தில் ஒருவர் அளவு ஓராண்டிற்குள் இறத்தலைப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. இரண்டு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி நடத்துவதே உயிர் காக்கும் வழி. நீரிழிவுடையார்க்கு முறிவு பொருந்துதல் தாமதமாகும். புண்ணில் சீழும் எளிதில் பற்றும். ஆகையால் அந்நாட்களில் சர்க்கரையை இன்னும் விழிப்பாக நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

பெரியம்மையார் இப்பொழுது நடைச்சட்டத்தைப் பற்றிக்கொண்டு முற்றம் வரை நடக்கின்றார். கோயிலுக்குச் செல்லுதல் நின்றுவிட்டது. ஆடிப்பூரத் தேரை இவ்வாண்டு திண்ணையிலிருந்தே காத்திருந்து, வடம் பிடிப்போர் ஆரவாரத்தை மட்டும் கேட்டார். அவர் வினாவிற்கு நாள் கழித்தேனும் விடை கூறினோம்: "பெரியம்மா, கருவி சொன்னது மெய்தான், உங்கள் எலும்பில் கல்லுக்குக் குறைவில்லை. உள்ளிருக்கும் நூலைத்தான் சர்க்கரை விறைப்பாக்கிவிட்டது." பால்கோவா உவமையையும் கூறினோம். அவர் சற்று எண்ணிப் பார்த்து, "பதினெட்டு வருஷமாய் என்னைக் கிளறிக் கொண்டிருந்ததா? ஒருவரும் சொல்லவில்லையே" என்றார். முதலிற் சிரித்தோம், இறுதிச் சொல்லை எண்ணியபின் சிரிக்க இயலவில்லை.

ஆம்; ஒருவரும் சொல்லவில்லை. கண்ணைப் பார், காலைப் பார், உப்பைக் குறை என்று கூறியோர் பலர். எலும்பைப் பார் என்றும், விழாதே என்றும் கூறியோர் இலர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் பணியாளர் வீடு தேடி வந்து நீரிழிவு மாத்திரை கொடுக்கும் நற்செயல் நம் நாட்டில் நடைபெறுகின்றது. அவ்வாறு வாயிலுக்கு வருவோர், "கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?" என்னும் ஒரு வினாவையும் சேர்த்துக் கேட்பின் எத்துணையோ முறிவுகளைத் தடுக்கலாம் என்பது எம் கருத்து.

அவர்கள் வருமுன் நம் மாணவ நண்பர்களே அதனைச் செய்யலாகும். இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்பொழுது விடுமுறை அணுகியிருக்கும். ஊர் சென்றவுடன் முதல் இரவில், வீட்டிலுள்ள முதியவர் படுக்கையினின்று கொல்லைப்புறம் வரை, விளக்கை ஏற்றாது ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் கால் எங்கே இடறுகின்றதோ, அங்கே மறுநாட் காலையில் ஒரு விளக்கு வையுங்கள்.